டர்பன் சுவரில் என்ன ஓட்டை?

மஞ்சக்குப்பம், கடலூர்
10.8.2008

பிலாய் உருக்காலையில் பெரிய உத்தியோகம் பார்க்கும் என் பிரியமுள்ள மச்சான் கதிர்வேலுக்கு, மாமா பக்கிரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா தைலம்மாளும் உன் அக்கா மகள் இசைவாணியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். வீட்டு இஸ்திரிப்பெட்டி மட்டும் போன வாரம் தவறிவிட்டது. அங்கே நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தச் சுகத்தோடு சுகமாக இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும். நின்றுகொண்டு படிக்க வேண்டாம், கால் வலிக்கும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்குப் போன் செய்தாய். வாணிக்கு வாழ்த்துச் சொல்லத்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் ஆறு மாதம் தங்கி, அங்கே கடலோரம் இருக்கும் சதுப்புக் காட்டையும் நம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையும் ஒப்பிட்டு ஆராய்வதற்கு உன் அக்கா மகளுக்கு உதவித்தொகை கிடைத்திருக்கிறது என்றால், நம் இரண்டு குடும்பத்திலும் விமானத்தில் ஏறப்போகும் முதல் ஆள் அவள் என்றால், தாய்மாமன் வாழ்த்தாமல் யார் வாழ்த்துவது? எல்லாம் நன்றாகத்தான் வாழ்த்தினாய். வைக்கப் போகிற நேரத்தில், "அக்கா, அந்த ஆவி புடிக்கிற மிஷின எடுத்துட்டுப் போவாளே, அங்க ப்ளக்கு வேற மாதிரி இருக்கும். நம்ம ப்ளக்கு அங்க நொழையாது, பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உனக்கு அது ஒரு வார்த்தை. எங்களுக்கு அது ஒரு மாதம்.

உன் அக்காவைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. "பிச்சாவரத்துல, கிள்ளைல இல்லாத சேறா அங்க இருக்குது? நம்மூரு சேத்தயே ஆராய்ச்சி பண்ணட்டும்" என்று வெகுநாள் முனகிவிட்டு, அப்போதுதான் மனசில்லா மனசோடு தலையாட்டியிருந்தாள். உன் போன் வந்ததும் ஆட்டிய தலையை நிறுத்திவிட்டாள். "மிஷினு ஓடாத ஊருக்கு எம்பொண்ண அனுப்ப மாட்டேன். அங்க ஓடும்னு எனக்குக் காட்டுங்க. காட்டிட்டு டிக்கெட்டு போடுங்க" என்றாள். வாணி சிரித்துக்கொண்டே, "அம்மா, அங்கயும் கடை இருக்கும்மா. எறங்கினதும் ஒரு அடாப்டர் வாங்கிக்கறேன்" என்றாள். "கட தொறக்கற வரைக்கும் மூச்ச நிறுத்தி வெச்சிருப்பியா?" என்று உன் அக்கா கேட்டாள் பார், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்தால் அந்தப் பெண்ணுக்கு இழுப்பு வரும். சின்ன வயசில் அவள் மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் உன் அக்கா. நீ அந்த மிஷினை வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவளுக்கே மூச்சு வந்தது. அதனால் அவள் சொல்வதைப் பிடிவாதம் என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை. டர்பன் பல்கலைக்கழகத்துக்கு ஆகஸ்ட் நடுவில் பயணத்தை உறுதி செய்து எழுத வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று வாணி சொன்னாள். ஆக, ப்ளக்கைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மச்சான், நான் குறிஞ்சிப்பாடியில் தலை நரைக்கும் வரை பூகோளம் நடத்தியவன். எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எங்கே செம்பு விளைகிறது, எங்கே மழை எந்த மாதம் பெய்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒவ்வொரு நாட்டிலும் சுவரில் ஓட்டை ஒவ்வொரு தினுசாக இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. போட்டிருந்தால் பிள்ளைகளுக்கு உருப்படியாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்த திருப்தியாவது இருந்திருக்கும். சரி, கற்றுக்கொள்ள வயசேது என்று, லாரன்ஸ் ரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் தங்கராசுவிடம் போய் நின்றேன். "வெளிநாட்டு ப்ளக்குதான சார்? நெறைய போவுது" என்று சொல்லி, பட்டையாக மூன்று கால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைச் சாமானை எடுத்து வைத்தார். எந்த நாடு என்று கேட்கவே இல்லை. நானாகத் தென்னாப்பிரிக்கா என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் சார். கடலூர்லேருந்து போறவங்க துபாய் போவாங்க, சிங்கப்பூர் போவாங்க, மலேசியா போவாங்க. அத்தனை பேருக்கும் இதான் குடுக்கறேன். ஒருத்தர்கூட திரும்ப எடுத்தாரல" என்றார். "தங்கராசு, ஆப்பிரிக்கா வேற கண்டம்" என்றேன். "துபாய்க்குப் பக்கத்துலதான சார் இருக்குது?" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. மேஜை மேல் கிடந்த ஒயர் சுருளை ஆப்பிரிக்காவாக வைத்து, ஒரு பல்பைத் துபாயாக வைத்து, டர்பன் எங்கே இருக்கிறது என்று விளக்கினேன். பின்னால் ஸ்விட்ச் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தங்கராசு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ்ளோ தூரம் போற பொண்ணுக்கு ரெண்டா வாங்கிக்கங்க சார்" என்றார். ரெண்டாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

உன் அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடக்காரரு அந்த ஊருக்குப் போயிருக்காரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப அவருக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நியாயமான கேள்விதான்.

வெளிநாடு போய்வந்த ஆள் என்றால் எங்கள் தெருவில் ஒருவர்தான். மூன்றாம் வீட்டுக் கலியமூர்த்தி, பையன் அமெரிக்காவில் இருப்பதால் போன வருஷம் போய்விட்டு வந்தவர். அவரிடம் கேட்கப் போனது என் இரண்டாவது தப்பு. அவர் முதலில் அங்கே பெய்யும் பனியைப் பற்றிச் சொன்னார். பிறகு அங்கே தயிர் எப்படி இருக்கும் என்று சொன்னார். அவர் வீட்டம்மா எனக்கு இரண்டாம் காபி கொண்டுவந்த பிறகு ப்ளக்குக்கு வந்தார். "பக்கிரி சார், ப்ளக்கு மாத்தினா மட்டும் போதும்னு நெனைக்கறீங்களா? வெளிநாட்டுல ஓடறது பாதி கரண்டு. நம்ம மிஷின சொருவினா பட்டுனு போயிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம போவவே கூடாது" என்று சொல்லிவிட்டு, பரண் மேலிருந்து ஒன்றை இறக்கினார். பையன் வாங்கித் தந்ததாம். இரும்புப் பெட்டி, கைப்பிடி வைத்தது. இரண்டு கையாலும் தூக்கினால்தான் நகர்கிறது. "பொண்ணு வர்ற வரைக்கும் வெச்சிருக்கட்டும், எனக்கு அவசரமில்ல" என்றார். அவ்வளவு நல்ல மனசை மறுக்க முடியுமா? வாங்கி வந்தேன்.

அதை வாணிக்குக் காட்டி ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம் என்று மறுநாளே ஒரு மஞ்சள் பைக்குள் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் படிக்கிற சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பையின் காது அறுந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னா பெரியவரே, அம்மிக்கல்லா?" என்றார். "ட்ரான்ஸ்ஃபார்மர்" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஊரெல்லாம் கரண்ட் போய்க்கொண்டிருக்கிற நேரம் இது என்பது உனக்குத் தெரியும்தானே. பின் சீட்டிலிருந்து ஒருவர், "எங்க தெரு ட்ரான்ஸ்ஃபார்மரு ரெண்டு நாளா இல்ல, அதா பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் புதுச்சத்திரத்தில் இறங்கும் வரைக்கும் அந்த மனிதர் என் மடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிதம்பரத்தில் ஹாஸ்டல் வாசலுக்கு வாணி வந்தாள். கிள்ளையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள் போல, முழங்கால் வரைக்கும் சேறு. பெட்டியைப் பார்த்தாள், ஒட்டியிருந்த எழுத்தைப் படித்தாள். "அப்பா, இது அமெரிக்காவுல வாங்கின சாமான நம்மூர்ல ஓட்டறதுக்கு. நம்மூர் சாமான அங்க ஓட்டறதுக்கு இல்ல. அதுவும் தென்னாப்பிரிக்காவுல கரண்டு நம்ம கரண்டு மாதிரியேதான். இது வேணவே வேணாம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்து, "கை செவந்துடுச்சேப்பா" என்று கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள். சேறு என் கையிலும் ஒட்டிக்கொண்டது.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வெறுங்கை என்று எங்கே சொல்வது, அந்தப் பெட்டிதான் இருக்கிறதே! மேல வீதியில் ஒரு ஃபேன்சி கடை வாசலில் 'உலக அடாப்டர்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது கண்ணில் பட்டது. பெயரே நமக்காக வைத்தது மாதிரி இருந்தது. உள்ளே போய்க் கேட்டால், இழுத்தால் ஒரு கால், தள்ளினால் ஒரு கால், திருகினால் இன்னொரு கால் என்று வெளியே வருகிறது. "ஒலகத்துல எந்தச் சொவத்துக்கும் சேரும் சார்" என்றார் கடைக்காரர். வாங்கிக்கொண்டு வந்து உன் அக்காவிடம் கொடுத்தேன். "சேரும்னு வாயாலதான சொன்னாரு? ஓட்டிக் காட்டுங்க" என்றாள்.

மச்சான், இந்த இடத்தில் என் யோசனையை நீ புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் மிஷினை வைத்துச் சோதிக்க எனக்குத் தைரியமில்லை. அதைவிடப் பெரிய பாரத்தைத் தாங்கினால் இதையும் தாங்கும் அல்லவா? அதனால் இஸ்திரிப்பெட்டியைச் சொருகினேன். என் வெள்ளைச் சட்டையை விரித்து, "பார் தைலம்" என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு கையைத் தேய்த்து முடித்தேன். அப்போது உன் அக்கா, "என்னாங்க அது, அப்பளம் சுடற வாசன வருது?" என்றாள். திரும்பிப் பார்த்தால் உலக அடாப்டர் உருகி, சுவரில் வழிந்துகொண்டிருக்கிறது. 'படார்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. எங்கள் வீடு இருண்டதைப் பார்த்து, வழக்கமான கரண்ட் கட் என்று நினைத்து எதிர் வீட்டுக்காரர்கள் டிவியை அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். பிறகு தங்கள் வீட்டு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். ஃபியூஸ் போட ஆள் வந்தது. இஸ்திரிப்பெட்டி திரும்ப எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாணி வீட்டுக்கு வந்தபோது, உன் அக்கா சுவரில் கருப்பாக இருந்த இடத்தைக் காட்டி, "நீ போவ வேணாம், வாணி" என்றாள். "இதே மாதிரி அங்க ஆவும். மூச்சு வாங்கற நேரத்துல ஆவும். யாரு இருக்காங்க அங்க உனக்கு?" வாணி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "ப்ளக்கு சரியா இருந்தா அனுப்புவியா, இல்ல அதுக்கப்புறம் வேற ஒண்ணு சொல்லுவியா?" உன் அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "எனக்குத் தெரியல" என்றாள். "ஆனா மிஷினு ஓடுதுன்னு பாத்தா வேற எதயும் கேக்கக் கூடாதுன்னு நெனைக்கறேன்." இருவருக்கும் நடுவில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. நான் பூகோளம் படித்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

வாணி எழுந்து பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். டர்பனில் அவளோடு ஒரே அறையில் தங்கப்போகிற பெண்ணுக்கு, சுவரில் இருக்கும் ப்ளக் பாயிண்ட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று எழுதினாளாம். இதை ஒரு மாதத்துக்கு முன்னால் செய்திருக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். "நீங்க கடை கடையா ஏறிக்கிட்டிருந்தீங்களா, அது முடியட்டும்னு இருந்தேன்" என்றாள். மறுநாள் காலையில் போய்ப் படத்தை அச்செடுத்து வந்தாள். அங்கே பிரிண்டரில் மை தீர்ந்துபோயிருந்ததால் சுவர் ஊதா நிறத்தில் விழுந்திருந்தது. சுவரில் வெள்ளைப் பலகை, அதில் ஒரு சுவிட்சு, மூன்று வட்ட ஓட்டை. மேலே ஒன்று பெரியது, கீழே இரண்டு. பட்டையாக ஒன்றுமே இல்லை. தங்கராசுவின் இரண்டும் வீண் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று ஓட்டையையும் எங்கேயோ பார்த்திருக்கிறேன், மச்சான். எங்கே என்று நினைவுக்கு வரவில்லை. படத்தை மூக்குக்கு நேரே வைத்துப் பார்க்கிறேன், தூர வைத்துப் பார்க்கிறேன்.

அந்த நேரம் பார்த்துப் போயிருந்த கரண்ட் வந்தது. உன் அக்கா அடுப்படியிலிருந்து, "மாவு ஆட்டணும், அடுத்த கரண்டு கட்டுக்குள்ள முடிக்கணும். அந்தப் படத்த வெச்சிட்டு வந்து கிரைண்டர சொருவுங்க" என்று கூப்பிட்டாள். நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே போய், மற்றக் கையில் கிரைண்டரின் ப்ளக்கை எடுத்தேன். சுவருக்கு நேரே நீட்டினேன். நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன். என் கையில் தடியான மூன்று உருண்டைக் கால். எதிரே சுவரில் மூன்று பெரிய வட்ட ஓட்டை, மேலே ஒன்று பெரியது, கீழே இரண்டு. "என்னா நின்னுட்டீங்க? ஷாக் அடிச்சிடுச்சா?" என்று உன் அக்கா ஓடிவந்தாள். நான் ஊதாப் படத்தை எடுத்து சுவர் மேல், அந்தப் பவர் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாணி வந்து பார்த்தாள். உன் அக்கா பார்த்தாள். படத்தில் விரலை வைத்தாள், பிறகு சுவரில் விரலை வைத்தாள். "இது நம்ம வூட்டு கிரைண்டரு ப்ளக்காச்சே" என்றாள். "அவுங்களும் இதுலதான் மாவு ஆட்டுவாங்களா?"

நானே திருப்புளி எடுத்து, மிஷின் ஒயரிலிருந்த சின்ன ப்ளக்கைக் கழற்றிவிட்டு, வீட்டில் கிடந்த, கிரைண்டருக்கு இருப்பது போன்ற ஒரு பவர் ப்ளக்கை மாட்டினேன். வாணி டார்ச் பிடித்தாள். சொருகினோம். சுவிட்சை உன் அக்கா போட்டாள், வேறு யாரையும் போட விடவில்லை. மிஷின் வழக்கமான அதே சத்தத்தில் ஓடியது. மருந்து போடவில்லை, உப்புத் தண்ணீர் மட்டும்தான். குழாயின் வாயில் வெள்ளையாக ஆவி வந்தது. உன் அக்கா உள்ளங்கையை நீட்டி அந்த ஆவியைப் பிடித்துப் பார்த்தாள். கை ஈரமானது. அதை முந்தானையில் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே வாணியின் கன்னத்தில் வைத்தாள். "சேறு ஜாஸ்தி மிதிக்காத. போய்ட்டு வா" என்றாள். நான் கிரைண்டரை மறந்துவிட்டேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது. இன்று காலை எங்கள் வீட்டில் இட்லி இல்லை, அதைப் பற்றி யாரும் வருத்தப்படவும் இல்லை.

பயணம் உறுதி என்று வாணி நேற்றே எழுதிவிட்டாள். செப்டம்பரில் சென்னையிலிருந்து கிளம்புகிறாள். நீ விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வழியனுப்ப வேண்டும், தாய்மாமன் நின்றால்தான் பொருத்தமாக இருக்கும். கலியமூர்த்தியின் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "பொண்ணு பத்திரமா போவட்டும்" என்று சொல்லி எனக்கு மறுபடியும் காபி கொடுத்தார். உன் மீது எனக்குக் கோபம் இருந்தது உண்மை. இன்றைக்கு இல்லை. நீ சொல்லாமல் இருந்திருந்தால், அவள் அங்கே போய் இறங்கித் தவித்திருப்பாளோ என்னவோ. உன் வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த ஊரில் போய் இறங்கினாலும் மூச்சும் முகமும் தெளிவாக இருக்கட்டும் என்று நானும் உன் அக்காவும் மனதார வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு உன் அன்பு மாமா,
பக்கிரி

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது. திங்கட்கிழமை வாணி பயணத்துக்கு மருத்துவச் சான்று வாங்கச் சிதம்பரத்தில் டாக்டரைப் பார்த்தாள். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஷினைத் தூக்கிட்டுப் போக வேண்டாம்மா, கையில் அழுத்துற பம்பு போதும். சட்டைப் பையிலயே வெச்சுக்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு ப்ளக்கும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். இதை உன் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு பகல் முழுக்க வீட்டுக்குள் சுற்றினேன். கடைசியில் சொன்னேன். அவள் மிஷினை எடுத்துத் துணியால் மூடி வைத்தாள். பிறகு, "மிஷினே இல்லாம மூச்சு விடுவான்னா இன்னும் நல்லதுதான" என்றாள். அதற்கும் பிறகு, "நம்ம வூட்டு ப்ளக்கே அங்க இருக்குதுன்னா அது ஒண்ணும் அவ்ளோ வேத்தூரு இல்ல. அவ ஆறு மாசம் இருக்கறதுக்குள்ள ஒரு தடவ நான் போய்ப் பாத்துட்டு வரக்கூடாதா? பாஸ்போர்ட்டுக்கு என்னா வேணும்?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். போட்டோ வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் எத்தனையோ தடவை சொன்னாராம், இவளால் முடியவில்லையாம். அதை வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் இன்றைக்குத் திரும்பவும் போகிறாள். சிரித்த போட்டோ உனக்கு, இத்துடன் வைத்திருக்கிறேன்.